நின்று எரிந்த விளக்கு

கிரேலிங் தீவின் முதல் கலங்கரை விளக்கத்தை மரங்களுக்குப் பின்னால் கட்டினார்கள். மான்களுக்கு நல்ல வெளிச்சம். இரண்டாவதை மணலில் கட்டினார்கள். அது ஏரியைக் குனிந்து பார்த்து, ஒருநாள் உள்ளேயே இறங்கிவிட்டது. மூன்றாவதுதான் நிலைத்தது. அதற்குக் காவலாளியாக வாய்த்தவர் ஆரின் டேட்.

சுப்பீரியர் ஏரியில் இருட்டிவிட்டால் தீவுக்கு முகம் கிடையாது, விளக்குதான் முகம். சுழன்று மினுக்கினால் கிரேலிங்: முன்னால் பாறை, சுற்றிப் போ. அசையாமல் எரிந்தால் பக்கத்துப் பைன் தீவு: ஆழமான தண்ணீர், நேரே வா.

அந்த நவம்பரில் விளக்கைச் சுழற்றும் எந்திரத்தில் பல்சக்கரம் உடைந்தது. ஆரின் மேலிடத்துக்குச் சொல்லியனுப்பினார். மேலிடம் பித்தளை துலக்கும் பொடியை அனுப்பிவைத்தது. அவரும் மனைவி டீலியாவும் அவள் தம்பி சைலஸும் முறைவைத்துக் கையாலேயே சுழற்றினார்கள்.

பிறகு டீலியாவுக்கு நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் கண்டது. எதிர்க்கரையிலிருந்து டாக்டரைக் கூட்டிவர சைலஸ் படகை எடுத்தான்.

"மச்சான், திரும்பறப்போ இருட்டிடும். உங்க விளக்கை நம்பித்தான் வருவேன். தூங்கித் தொலைச்சிடாதீங்க."

"உன்னைக் கொல்ல நான் வேற தூங்கணுமாடா? உங்கக்கா வைக்கிற பீன்ஸ் சூப்பு போதாதா?"

"எனக்குக் காது இன்னும் கேக்குது," என்றாள் டீலியா, படுக்கையிலிருந்து.

மாலையில் பனி கொட்டியது. ஆரின் மேலே சுழற்றிக்கொண்டிருந்தார். கீழிருந்து டீலியா கூப்பிட்டாள். போகவில்லை. மறுபடி கூப்பிட்டாள். போகவில்லை. பிறகு ஏதோ விழுந்த சத்தம். அப்புறம் சத்தமே இல்லை. இறங்கி ஓடினார்.

தரையில் கிடந்தாள், உதடு நீலம் பாரித்து. தூக்கிச் சாய்த்து உட்காரவைத்து, வெந்நீரைச் சொட்டுச் சொட்டாகப் புகட்டினார். மூச்சு மெல்லத் திரும்பியது.

"மேல யாரு சுத்துறா?"

"சுத்துது. நீ பேசாம மூச்சு விடு."

அவர் திரும்ப ஏறியபோது விளக்கு எதிர்க்கரைப் பக்கம் பார்த்தபடி, கண் இமைக்காமல் சமர்த்தாக நின்றது.

விடிந்ததும் பாறையில் படகின் பலகைகளும் டாக்டரின் பையும் கிடந்தன. மச்சான் விளக்கை நிறுத்தவே மாட்டார் என்று சைலஸுக்குத் தெரியும். அப்படியானால் எதிரே நின்று எரிவது பைன் தீவுதான். நேரே துடுப்புப் போட்டிருக்கிறான்.

டீலியா டாக்டர் இல்லாமலே பிழைத்துக்கொண்டாள்.

வசந்தத்தில் மேலதிகாரி வெள்ளைக் கையுறையோடு வந்து, பித்தளையைத் தடவிப் பார்த்தார். கையுறை வெள்ளையாகவே இருந்தது. மகிழ்ந்துபோனார். "பிரமாதம்! ஏதாவது குறை உண்டா?"

ஆரின் வாயைத் திறக்குமுன் டீலியா சொன்னாள்: "குறைன்னு என்னங்கய்யா. பொடிதான் தீர்ந்துபோச்சு."

புதுப் பல்சக்கரமும் அவர் வந்த படகில்தான் வந்திருந்தது. அதைப் பொருத்திய பிறகு விளக்கு தானே சுழன்றது. ஆனாலும் இருட்டினால் ஆரின் மேலே போய் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்வார், இறங்கமாட்டார். கீழிருந்து டீலியாவும் அவரைக் கூப்பிடுவதில்லை.