அர்பாபின் துப்பாக்கிக் கட்டை

நான் நாலாம் வகுப்பு படித்த வருஷம் எங்கள் வீட்டில் எல்லோரும் ஒரு மரக்கட்டையைத் தேடி அலைந்தோம். அது எங்களுடையதுகூட இல்லை. எங்கள் அர்பாபுடையது.

அர்பாப் என்றால் முதலாளி. ரூவியில் வாப்பா நடத்திய பாத்திரக் கடையின் லைசென்ஸ் அந்த ஓமானிக் கிழவர் பெயரில்தான் இருந்தது. கடைக்கு மேலே எங்கள் ஃபிளாட், அடுத்த தெருவில் அவர் வீடு. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவருடைய பேத்திகளோடு விளையாடப் போய்விடுவேன். அரபி எனக்கு அங்கே வந்ததுதான். பள்ளிக்கூடத்தில் கற்றதைவிட அது எவ்வளவோ மேல்.

அவருடைய தகப்பனார் மலையில் வரையாடு சுட்ட துப்பாக்கி ஒன்று அவரிடம் இருந்தது. வேட்டைக்குத் தடை வந்து ரொம்பக் காலம் ஆகிவிட்டது. ஆனாலும் அங்கே கல்யாணம் என்றால் ஆண்கள் வரிசையாக நின்று துப்பாக்கியும் வாளும் ஏந்தி ஆட வேண்டும். மூத்த பேரனின் கல்யாணம் நெருங்கிய சமயத்தில், துடைத்துப் பளபளப்பாக்குகிறேன் என்று அதைக் காரின் பின்பக்கம் வைத்தவர், அது வெளியே நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்க்காமல் கதவை இறக்கிவிட்டார். தோளில் முட்டுக்கொடுக்கும் மரக்கட்டை நீளவாக்கில் பிளந்துபோயிற்று.

பிளந்த கட்டையை மட்டும் கழற்றி, ஒரு பூந்துவாலையில் சுற்றிக் கடைக்கு எடுத்துவந்தார். பச்சைப் பிள்ளையைக் கிடத்துவதுபோல் கல்லாமேல் கிடத்தினார். இதேபோல் ஒன்று வேண்டும், கல்யாணத்துக்கு முன் வேண்டும் என்றார். எந்தக் காலத்துக் குக்கருக்கும் வாஷர் தேடிக் கொடுத்துவிடுவார் என்று வாப்பாவுக்கு ரூவியில் ஒரு பெயர் இருந்தது. அதைவிட, அர்பாபிடம் "இல்லை" என்று சொல்லிப் பழக்கமில்லாத நாக்கும் இருந்தது. இன்ஷா அல்லா என்றார். ராத்திரிச் சோற்றில் கைவைத்தபோதுதான், தான் எதற்குத் தலையாட்டினோம் என்று அவருக்கு உறைத்தது.

அப்போது ஊரிலிருந்து விசிட் விசாவில் வந்திருந்த சாச்சாவுக்கு வேலை இன்னும் அமையவில்லை. வாப்பாவின் தம்பி; அண்ணனைக் காக்கா என்பார். "இது ஒரு மேட்டரா காக்கா? நான் பாத்துக்கிறேன்" என்று அவர் துவாலைப் பொதியோடு கிளம்பினார். இங்கிலீஷில் அந்தக் கட்டைக்கு ஸ்டாக் என்று பெயராம். போனில் தேடிக் கண்டுபிடித்திருந்தார். கடை கடையாக ஏறி "ஓல்ட் ஸ்டாக் இருக்கா?" என்று கேட்டார். ஒரு கடையில் போன வருஷத்துச் சட்டைகளை எடுத்துப் போட்டார்கள். இன்னொரு கடையில் "ஓல்ட் ஸ்டாக் மாஃபி, இல்லே பாய், எல்லாம் ஃப்ரெஷ்" என்று கோபித்துக்கொண்டார்கள். மூன்றாவது கடையில் வாங்கிய அத்தரோடு வீடு வந்து சேர்ந்தார்.

பிறகு வாதி கபீரில் சோபா செய்கிற ஒரு பஞ்சாபித் தச்சரைப் பிடித்து, மாதிரியைக் காட்டிப் புதிதாகச் செய்யச் சொன்னார். வந்து சேர்ந்ததைப் பார்த்து உம்மாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அச்சாக ஒரு கிரிக்கெட் மட்டை. அதை அர்பாபிடம் காட்டுகிற துணிச்சல் வாப்பாவுக்கு வரவில்லை. எங்கள் கட்டடத்துப் பிள்ளைகள் வெகுநாள் அதை வைத்து மொட்டைமாடியில் ஆடினோம். நன்றாகவே ஆடியது.

கல்யாணத்துக்கு ஒரு வாரமே இருந்தபோது, நிஸ்வா சந்தைக்குப் போய்ப் பாருங்கள், அங்கே பழைய துப்பாக்கிகள் விற்பார்கள் என்று அர்பாபே சொன்னார். "குட்டியையும் கூட்டிக்கொண்டு போ. அரபி பேசுவாள்" என்று என்னையும் வாப்பா, சாச்சாவோடு சேர்த்துவிட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. உம்மா எனக்குப் பெருநாள் கவுனைப் போட்டு, கீமா பரோட்டாவைச் சுருட்டித் தந்து அனுப்பினார்.

வெள்ளிக்கிழமை காலை. ஆட்டுச் சந்தையின் இரைச்சலைத் தாண்டிப் போனால், மதிலோரம் பாய் விரித்துப் பெரியவர்கள் சிலர் துப்பாக்கிகளையும் குத்துவாள்களையும் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். துப்பாக்கியை அவர்கள் துஃபக் என்றார்கள். கொஞ்சம் சளி பிடித்த தமிழ்போல எனக்குக் கேட்டது. ஒவ்வொருவராக எங்கள் கட்டையை வாங்கிப் பார்த்துக் கைவிரித்தார்கள். ஒன்று நீளம், ஒன்று குட்டை, ஒன்றுக்குத் துளை வேறு இடத்தில்.

கடைசியாக ஒரு தாடிக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அடிப்பக்கத்தில் பதித்திருந்த வெள்ளிப் பூவைப் பார்த்ததும் உரக்கச் சிரித்துப் பக்கத்துப் பாய்க்காரர்களைக் கூப்பிட்டார். எல்லோரும் சிரித்தார்கள்.

"என்னவாம்?" என்றார் வாப்பா.

"இந்தத் துப்பாக்கிக்கு ரெண்டு கட்டையாம் வாப்பா. ஒண்ணு இது. இன்னொண்ணு பஹ்லா பக்கத்துல ஒரு வீட்ல இருக்காம். அவங்க வாப்பா மௌத்தானப்போ அக்காவும் தம்பியும் சண்டை போட்டு, இரும்பு தம்பிக்கு, மரம் அக்காவுக்குன்னு பிரிஞ்சிட்டாங்களாம். அப்புறம் தம்பி அதே மாதிரி இதைச் செஞ்சு போட்டுக்கிட்டாராம்."

"எந்த அக்கா? எந்தத் தம்பி?"

"தம்பி நம்ம அர்பாப்தானாம்."

அர்பாபுக்கு ஒரு அக்கா இருப்பது வாப்பாவுக்கே அன்றைக்குத்தான் தெரியும். எனக்கு அது ரொம்ப நியாயமான பங்கீடாகப் பட்டது. ஆளுக்கு ஒரு சாமான்.

வழி கேட்டுக் கேட்டுப் போனோம். வாசலில் ஒரு பேரீச்ச மரமும் இரண்டு ஆடுகளும் இருந்தன. ஆண்கள் இருவரையும் முன்னறையில் உட்காரவைத்துக் கஹ்வாக் காப்பியும் ஹல்வாவும் அனுப்பிவிட்டு, என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார்கள். அர்பாபின் அதே மூக்கோடு நெடுநெடுவென்று ஒரு பாட்டியம்மா. நான் விஷயத்தைச் சொன்னதும் அலமாரியைத் திறந்து, போர்வைகளுக்கு நடுவிலிருந்து கட்டையை எடுத்தார். எண்ணெய் போட்டுப் போட்டுக் கண்ணாடிபோல் மின்னியது.

"இத்தனை காலம் கழித்து எதற்காம் அவனுக்கு?" என்றார்.

"கல்யாணத்துக்கு."

"யாருக்குக் கல்யாணம்?"

அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. ஒருவருக்குத் தெரியாத விஷயம் நமக்குத் தெரிந்திருந்தால் அந்த வயதில் அதைவிட என்ன வேண்டும்? மாப்பிள்ளை என்ன படித்தான், பெண் எப்படி இருப்பாள், எத்தனை ஒட்டகம் அறுக்கப் போகிறார்கள் என்று ஒன்று விடாமல் ஒப்பித்தேன். "எல்லாரும் வர்றாங்க, நீங்க மட்டும் ஏன் வரல?" என்று அரபியில் கேட்டும் வைத்தேன்.

அவர் கட்டையை மடியில் வைத்துக்கொண்டார். "அவன் முழங்கால் எப்படி இருக்கிறது?" என்றார். சொல்வதைவிடச் செய்து காட்டுவது சுலபம் என்று, அர்பாப் மாடிப்படி இறங்குவதை முனகலோடு நடித்துக் காட்டினேன். முக்காட்டுத் துணியை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இன்னொரு தடவை நடிக்கச் சொன்னார்.

ஆனால் கட்டையைத் தரவில்லை. வேண்டுமானால் அவனே வந்து கேட்கட்டும் என்று போர்வைக்கு நடுவில் திரும்ப வைத்துவிட்டார்.

"கைக்கு எட்டினது வாய்க்கு எட்டலியே காக்கா" என்று வழியெல்லாம் சாச்சா புலம்பினார். அர்பாபின் வீட்டுச் சண்டைக்குள் தெரியாமல் காலை விட்டுவிட்டோமே, கடையின் லைசென்ஸ் என்ன ஆகுமோ என்பது வாப்பாவின் கவலை. கடை வாசலிலேயே காத்திருந்தார் அர்பாப். வாப்பா தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தபோதே நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அர்பாப் கோபப்படவில்லை. ஆச்சரியப்படவுமில்லை. உன்னை உள்ளே கூப்பிட்டாளா? என்ன சாப்பிடத் தந்தாள்? மெலிந்திருக்கிறாளா? திரும்பத் திரும்ப இதையே கேட்டார். கட்டை நல்ல நிலையில் இருக்கிறதா என்று மட்டும் கேட்கவேயில்லை. நானாகத்தான் சொன்னேன்.

மறுநாள் காலை வழி காட்டவேண்டும் என்று என்னையும் வாப்பாவையும் காரில் ஏற்றிக்கொண்டார். நான் முன்னால் எட்டி எட்டிப் பார்த்துத் திருப்பங்களுக்காகக் காத்திருந்தேன். அவர் ஒரு இடத்திலும் கேட்கவில்லை. நான் வாய் திறக்கும் முன்பே திருப்பிவிட்டார்.

அவர் அக்கா கட்டையோடு வாசலிலேயே நின்றார். அர்பாப் இறங்கி, முழங்காலைப் பிடித்துக்கொண்டு நான் நடித்த மாதிரியே நடந்துபோனார். என்னைப் பார்த்து அந்த அம்மா கண்ணடித்தார். பிறகு கட்டையால் தம்பியின் தோளில் ஒன்று வைத்தார். பலமான அடியில்லை. அர்பாப் குனிந்து அக்காவின் தலையில் முத்தம் கொடுத்தார். அப்படியே நின்றார்கள்.

உள்ளே போய் உட்கார்ந்தபின் இரண்டு பேரும் ஒரே சமயத்தில் பேசினார்கள். ஒருவர் பேச்சை இன்னொருவர் கேட்ட மாதிரியே தெரியவில்லை. கட்டை கம்பளத்தில் ஒரு ஓரமாகக் கிடந்தது. எனக்குப் பொறுக்கவில்லை.

"துப்பாக்கிய எடுத்துட்டே வரலையே வாப்பா? இது பொருந்துதான்னு எப்படிப் பாக்கிறது?"

"பொருந்தும், நீ சும்மா இரு" என்றார் வாப்பா. ஒரு துண்டு ஹல்வாவை என் வாயில் வைத்து அடைத்தார்.

சாயங்காலம் அந்த அம்மாவும் ஒரு பெட்டியைக் கட்டிக்கொண்டு எங்களோடு கிளம்பினார். முன்சீட்டில் தம்பி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். பஹ்லாவைத் தாண்டி நெடுஞ்சாலையில் ஏறிய பிறகுதான் எனக்குத் திக்கென்றது.

"கட்டை! கட்டைய விட்டுட்டு வந்துட்டோம்!" என்று அரபியில் கத்தினேன்.

அக்காவும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அர்பாப் தொடையில் தட்டிச் சிரித்தார். காரைத் திருப்பவில்லை. வேகத்தைக்கூடக் குறைக்கவில்லை. வாப்பாவின் கையைப் பிடித்து உலுக்கினேன். அவரும் சிரித்தார்.

எதற்காக இரண்டு தடவை இவ்வளவு தூரம் வந்தோமோ அதையே மறந்துவிட்டு, அதில் இப்படிச் சிரிப்பு வேறு. இந்தப் பெரியவர்களை நம்பி ஒரு காரியத்தில் இறங்கவே கூடாது என்று, ரூவி வரும்வரை யாரோடும் பேசாமல் ஜன்னல் பக்கமே முகத்தை வைத்துக்கொண்டு வந்தேன்.