நான்கு நாற்காலி வீடு

எங்கள் எட்டுப் பேரில் அவனுக்கு மட்டும்தான் பட்டப்பெயர் பொருத்தமாக அமைந்தது. கலெக்டர். படித்து அந்த வேலைக்குப் போகப்போகிறான் என்று வைத்ததல்ல, நடை அப்படி. அப்பா டயர் கடைக்காரர். மகன் பரிமாற்ற மாணவனாக வெளிநாடு போகிறான் என்று கடை வாசலில் ஆளுயரப் படம் வைத்துப் பேனர் கட்டினார். ஆறு மாதப் படிப்புக்கு அவ்வளவு அமர்க்களம்.

அங்கே நாங்கள் எப்படிப் பழகினோம், எப்படிக் கலந்தோம் என்று கல்லூரி மலரில் நான்கு பக்கம் வந்திருக்கிறது. எழுதியது கலெக்டர், அத்தனையும் புளுகு. நடந்தது இதுதான். விடுதியின் இரண்டாம் மாடியில் எட்டு அறைகளையும் அடுத்தடுத்துக் கேட்டு வாங்கினோம். ஒன்றாகச் சமைத்தோம், ஒன்றாகத் துணி துவைக்கப் போனோம், வகுப்பில் ஒரே வரிசையில் உட்கார்ந்தோம். ஒருவனுக்குப் பல்வலி வந்தபோது எட்டுப் பேரும் பல் டாக்டரிடம் போய் நின்றோம். வலி யாருக்கு என்று கண்டுபிடிக்கவே நர்ஸுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. கடல் தாண்டிப் போயும் எங்கள் மூஞ்சியைத்தான் நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம்.

கலெக்டர் மட்டும் உள்ளூர்க்காரர்களோடு ஒட்டி உறவாடுவதாக ஊருக்குப் படம் காட்டினான். நூலகப் படிக்கட்டில் யார் உட்கார்ந்திருந்தாலும் பக்கத்தில் போய் ஒரு போட்டோ. 'என் உயிர் நண்பன்' என்று எழுதிப் போடுவான். சித்தப்பா, அத்தை, அத்தை வீட்டு மாமா என்று வரிசையாக வாழ்த்துவார்கள். மறுநாள் அந்த உயிர் நண்பன் எதிரே வந்தால் பெயர் தெரியாமல் திருதிருவென்று விழிப்பான்.

ஆனால் ஆய்வுக்கூடத்தில் அவன் வேறு ஆள். தண்ணீரைப் பரிசோதிக்கும் கூடம் அது, நானும் அங்கேதான். கண்ணாடிக் குழாயைக் கையில் எடுத்துவிட்டால் கலெக்டரின் பந்தா எல்லாம் எங்கேயோ போய்விடும். துளி சிந்தமாட்டான், வாயே திறக்கமாட்டான். அவனுக்கு ஜோடியாக வேலை செய்த உள்ளூர்ப் பையனைக் கண்ணாடிக்காரன் என்போம். அவனும் பேசாதவன். இருவரும் மணிக்கணக்கில் அப்படியே நிற்பார்கள். எனக்கு அதைப் பார்த்தால் எரிச்சலாக இருக்கும்.

படிப்பு முடியும் தறுவாயில் பேராசிரியர் ஒரு செய்தி சொன்னார். எங்களில் ஒருவர் மட்டும் அடுத்த ஆறு மாதமும் அந்தக் கூடத்தில் தொடரலாம். விடுதியை மராமத்துக்காக மூடுவதால், தங்க இடம் தருகிறோம் என்று உள்ளூர்க் குடும்பம் ஒன்று கையெழுத்துப் போட்டுத் தரவேண்டும். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமைக்குள் கடிதத்தை முதலில் கொண்டுவருகிறவனுக்கு இடம். கலெக்டர் அன்றே அப்பாவுக்குப் போன் போட்டு, தனக்குத்தான் என்று சொல்லிவிட்டான்.

கண்ணாடிக்காரனின் அண்ணன் வேலை கிடைத்து வேறு ஊர் போயிருந்ததால் அவன் கட்டில் காலியாக இருந்தது. கடிதம் தருவதற்குமுன் அம்மா உன்னை ஒரு தடவை பார்க்கவேண்டும் என்கிறார், ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட வா என்று கலெக்டரை அழைத்தான். கலெக்டருக்குத் தலைகால் புரியவில்லை.

"டேய், ஞாயித்துக்கிழமை எல்லாரும் ரெடியா இருங்க!"

"உன்னைத்தானேடா கூப்பிட்டான்?" என்றேன்.

"என்னைக் கூப்பிட்டா என்ன, உங்களைக் கூப்பிட்டா என்ன? நீங்கல்லாம் இல்லாம நான் எப்போ எங்க போயிருக்கேன்?"

மற்றவர்கள் போனபின் என் அறை வாசலிலேயே நின்றான். "மச்சான், தனியாப் போனா அவங்ககிட்ட என்ன பேசுறதுன்னே தெரியலடா. பயமா இருக்கு. நீங்க இருந்தா கொஞ்சம் தெம்பா இருக்கும்" என்றான்.

வேண்டாம்டா, நீ மட்டும் போ என்று நான் சொல்லியிருக்கலாம். எனக்குச் சாப்பாட்டு நினைப்பு.

மூன்றாம் மாடி. கதவைத் திறந்த அம்மாவின் சிரிப்பு, படிக்கட்டில் எங்கள் வரிசையைப் பார்த்ததும் பாதியில் நின்றது. உள்ளே ஒரு சின்ன மேஜை, நான்கு நாற்காலிகள், நான்கு தட்டுகள், நடுவில் ஒரு முழுக் கோழி. அவர்கள் மூவர், விருந்தாளி ஒருவன். கணக்கு அவ்வளவுதான். அப்பா கீழ்வீட்டுக்குப் போய் நாற்காலிகளை இரவல் வாங்கிவந்தார். அம்மா கோழியை மறுபடி துண்டு போட்டார், இன்னும் துண்டு போட்டார். தனக்கு எடுத்துக்கொள்ளவில்லை.

நாங்கள் சும்மா இருந்தோமா? வாய் ஓயாமல் தமிழில் பேசினோம். மேஜை விரிப்பைக் கிண்டலடித்தோம். அந்த வீட்டுக்காரர்கள் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் எங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கலெக்டர் தன் நாற்காலியையும் எங்களில் ஒருவனுக்குக் கொடுத்துவிட்டு, ஜன்னலோரம் தட்டைக் கையில் பிடித்தபடி அசடு வழிந்துகொண்டு நின்றான். அந்த அம்மாவோடு ஒரு வார்த்தை பேசவில்லை. போட்டோ மட்டும் எடுத்தான்.

கிளம்பும்போது இரவல் நாற்காலிகளைக் கீழே கொண்டுபோக நான் கைகொடுத்தேன். நல்ல மனசு என்று நினைத்துவிட வேண்டாம். படியில் அந்த அம்மா மெதுவான ஆங்கிலத்தில் கேட்டார். அந்தப் பையன் எங்கே போனாலும் இப்படித்தான் எல்லோரையும் கூட்டிக்கொண்டு போவானா?

பயத்தில் எங்களைக் கூப்பிட்டான் அம்மா, ஆய்வுக்கூடத்தில் வந்து அவனைப் பாருங்கள் என்று சொல்ல எனக்கு ஆங்கிலம் தெரியும். நான் சொன்னது வேறு.

"ஆமாம், எப்போதும் இப்படித்தான். நான் அப்படி இல்லை."

அவர் வீட்டுக் கோழியின் கால் அப்போது என் வயிற்றில்தான் இருந்தது. எனக்கும் தங்க இடம் தேவைப்படுகிறது என்று அடுத்த படியிலேயே சொல்லி முடித்தேன். வியாழக்கிழமை கடிதம் என் கையில் இருந்தது.

கலெக்டர் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும். என் பெட்டியை அவனே மூன்று மாடி தூக்கிவந்து, கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தான். கண்ணாடிக்காரனிடம் கைகுலுக்கினான். அந்தக் கைகுலுக்கலை மட்டும் அவன் போட்டோ எடுக்கவில்லை. பிறகு படியில் இறங்கிக்கொண்டே அப்பாவுக்குப் போன் போட்டான். மாடியில் நின்ற எனக்கு நன்றாகக் கேட்டது.

"இல்லப்பா, நான்தான் அவனுக்கு விட்டுக்கொடுத்தேன். அவனுக்குக் கொஞ்சம் கஷ்டம், அதான். நீங்க அந்தப் பேனரைக் கழட்டிடுங்க."

கண்ணாடிக்காரன் அந்த ஆறு மாதமும் வேலை விஷயம் தவிர என்னிடம் எதுவும் பேசவில்லை. தினமும் அந்த நான்காவது நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிட்டேன். கலெக்டரின் புளுகுகளையெல்லாம் ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்திருக்கிறேன். எனக்காக விட்டுக்கொடுத்ததாக அவன் சொன்ன அந்தப் புளுகை மட்டும் இன்றுவரை நான் மறுத்ததில்லை.