சீர்த்தட்டில் வந்த ஜோடி மீன்

மேளச் சத்தம் தெருமுனைக்கு வந்தபோது நான் கிருமாம்பாக்கத்தில் ஒரு புதுவீட்டு ஹாலில் நின்று, டெஸ்ட் கிட் குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்தேன். மருந்து விட்டதும் மஞ்சளாக இருக்க வேண்டிய தொட்டித் தண்ணீர் பச்சையாக இருந்தது. பச்சை என்றால் தொட்டியில் அமோனியா இருக்கிறது. மீன் விட்டால் செத்துப்போகும்.

தப்பு என்னுடையதுதான். வில்லியனூரில் நான் வேலை பார்த்த மீன்தொட்டிக் கடைக்குப் பாகூர் கரும்பு விவசாயி தனசேகர் வந்தார். தங்கை வசந்தியின் கிரகப்பிரவேசத்துக்குத் தாய்வீட்டுச் சீராகக் கடல் மீன் விடுகிற பவளத்தொட்டி வேண்டும், மூன்று வாரத்தில் முடியுமா என்றார். பெரிய ஆர்டர். முடிந்துவிடும் என்று வாய் கூசாமல் சொன்னேன். அமோனியாவைத் தின்னும் பாக்டீரியா கல்லிலும் மணலிலும் வளர்ந்தாக வேண்டும். அதற்குப் பஞ்சாங்கம் பார்க்கத் தெரியாது.

உப்பு கலந்து, கல்லடுக்கி, பம்ப் ஓட்டி, தினமும் போய் டெஸ்ட் செய்தேன். கல்லுக்கு எதற்கு இவ்வளவு லைட் என்று அக்கம்பக்கத்தார் விசாரித்தார்கள். மூன்றாவது வாரம் பழுப்புப் பாசி படிந்தது. வசந்தியின் மாமியார் தேங்காய் நாரோடு தேய்க்க வந்துவிட்டார். கும்பிட்டுத் தடுத்தேன்.

விழாவுக்கு முதல் நாள், மீன் இப்போது வேண்டாம் என்று தனசேகருக்குப் போன் செய்தேன். மனிதர் கேட்கவில்லை. டவுனில் ஜோடி க்ளவுன் மீன் வாங்கி, கவரோடு தாம்பாளத்தில் வைத்து, பழத்தட்டுக்கும் புடவைத்தட்டுக்கும் நடுவே தானே சுமந்து வந்தார். வந்ததும் என்னை ஓரமாக இழுத்தார்.

"இன்னாபா இது, சம்மந்தி வூட்டு முன்னாடி வெறும் கல்லையும் தண்ணியையுமா காட்றது? வுட்டுடு. சாயந்தரம் வரிக்கும் இருந்தா போதும்."

மூன்று வாரம் என்று சொன்ன என் வாயிலேயே போட்டுக்கொள்ளலாம் போலிருந்தது. அதற்குள் வசந்தி பக்கத்தில் வந்து, இப்போது விட்டால் பிழைக்குமா என்று என்னைக் கேட்டாள்.

"பொழைக்காதும்மா" என்றேன். தனசேகர் என்னை முறைத்தார்.

வசந்தி தாம்பாளத்தை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கூட்டத்துக்கே கேட்கும்படி சொன்னாள்: "இன்னிக்கு நிச்சயதார்த்தம்தான். பொண்ணு, மாப்ள ரெண்டும் இவரு கடையில இருக்கட்டும். தண்ணி முகூர்த்தம் சொன்னதும் எங்கண்ணன் இட்டுக்குனு வருவாரு."

மாமியார்தான் முதலில் சிரித்தார். நான் கவரை வாங்கிக்கொண்டு, கடையிலிருந்த பழைய கடல்நீர்த் தொட்டியில் விடப் பறந்தேன்.

அதன்பின் தனசேகர் தினமும் போன் செய்தார். வணக்கம்கூடக் கிடையாது, பச்சையா மஞ்சளா என்பதுதான் முதல் கேள்வி. அமோனியா போனது, அடுத்த விஷமான நைட்ரைட் வந்தது, அதுவும் ஒருவழியாகப் போனது. ஐந்து வாரம் கழித்து அவர் மீன் கவரை மடியில் வைத்துக்கொண்டு என் பைக்கில் பின்னால் உட்கார்ந்து வந்தார். வழியெல்லாம் மெதுவாகப் போகச் சொல்லித் திட்டினார். மீன் இரண்டும் கல்லிடுக்கில் புகுந்து எட்டிப் பார்த்தபோது அவருக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான்.

அன்றிலிருந்து நான் யாருக்கும் தேதி சொல்வதில்லை. அவசரப்படுகிறவர்களிடம், மீனை நிச்சயம் செய்துவிட்டுப் போங்கள், தண்ணீர் நாள் சொல்லட்டும் என்கிறேன். அதற்கும் அடங்காதவர்களுக்குத் தனசேகருடைய நம்பரைக் கொடுத்துவிடுகிறேன். அவர் என்னைவிடக் கறாராகப் பேசுகிறார்.