மங்கை அக்காவும் முடி கொட்டிய இரண்டு கினிப் பன்றிகளும்

மங்கை அக்கா போய்விட்டார்.

காலையில் அவர் தம்பி செல்வம் போன் பண்ணினான். "அக்கா போயிட்டாங்க" என்றான், உடனே போனை வைத்துவிட்டான்.

தியாகதுருகத்தில் அக்கா நடத்திய டைப்பிங் இன்ஸ்டிட்யூட்டில் சில வருஷம் அவரோடு வேலை பார்த்தேன். அப்பா அம்மா இல்லாத வீடு. அக்காவும் தம்பியும் மட்டும்தான், இன்ஸ்டிட்யூட்டின் பின்கட்டிலேயே குடியிருந்தார்கள்.

இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கமெல்லாம் போராட்டம் நடந்த காலம் அது. மரத்தை வெட்டி ரோட்டில் போட்டு மறியல். செல்வமும் போய் உட்கார்ந்தான், போலீஸ் பிடித்துக்கொண்டு போனது.

வேனில் ஏறும்போது அக்காவைப் பார்த்து ஒன்றே ஒன்றுதான் கேட்டான். "கினி பிக் ரெண்டையும் பாத்துக்கக்கா. நான் வர்ற வரிக்கும்."

ஆமாம், கினிப் பன்றி. மெட்ராஸ் நண்பன் ஒருவன் அவனுக்குக் கொடுத்தது, இரண்டும் பெண். ஊரில் பாதிப் பேர் பெருச்சாளி என்றார்கள், மீதிப் பேர் முயல்குட்டி என்றார்கள்.

அக்காவுக்கு அதுவரை அவற்றைக் கண்டாலே ஆகாது. அன்று சாயங்காலமே கூண்டு டைப் மெஷின்களுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது.

அப்போது மழை. ஈரப்புல் தின்றால் கழிச்சல் வரும், ஆட்டுக்கு வருகிற மாதிரி... அப்படி நினைத்து அக்கா பச்சையை அடியோடு நிறுத்திவிட்டார். வெறும் தவிடும் பொட்டுக்கடலையும்தான்.

சில வாரத்தில் இரண்டுக்கும் முடி கொட்ட ஆரம்பித்தது. முதுகில் தோல் தெரிந்தது, செதில் செதிலாக உரிந்தது. ஒன்று காலை இழுத்து இழுத்து நடந்தது.

கட்டட ஓனர் வந்து பார்த்து முகத்தைச் சுளித்தார். "இது படைம்மா. படிக்க வர்ற பொண்ணுங்களுக்கு ஒட்டிக்கும். தூக்கி ஏரிப்பக்கம் வுட்டுடுங்க."

அக்கா டைப் அடிப்பதை நிறுத்தவில்லை. "ஒட்டறதா இருந்தா மொதல்ல எனக்குத்தான் ஒட்டும். அப்ப வந்து சொல்லுங்க."

எதிர்வீட்டு அம்மா வேப்பெண்ணெய் தடவச் சொன்னார். "நக்கினா இன்னா ஆவும்னு தெரியாதுங்க. டாக்டரைக் கேக்காம ஒண்ணும் தடவ மாட்டேன்" என்று அக்கா அதையும் மறுத்துவிட்டார்.

மறுநாளே கூடையில் துணி விரித்து இரண்டையும் வைத்து, கள்ளக்குறிச்சி மாட்டாஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். பாதி வழியில் பஸ் நின்றது... மறுபடியும் மறியல், ரோட்டுக்குக் குறுக்கே பெரிய புளியமரம்.

நான் திரும்பிவிடலாம் என்றேன். அக்கா அதற்குள் இறங்கி நடந்துகொண்டிருந்தார்.

மரத்தின் மேல் உட்கார்ந்திருந்த ஒருவர் கூடையை எட்டிப் பார்த்தார். "இன்னாம்மா இது, பழனிக்குப் போயி மொட்டை போட்டுக்கினு வந்துச்சா?" எல்லோரும் சிரித்தார்கள்.

"இதை வளக்கறவன் உங்களோட ஒக்காந்துதான் புடிபட்டான். இப்ப ஜெயில்ல ஒக்காந்துகினு இருக்கான். வந்து கேட்டா நீங்க பதில் சொல்றீங்களா?" என்றார் அக்கா.

சிரிப்பு நின்றது. கேலி பேசினவரே கூடையை வாங்கி மரத்துக்கு அந்தப் பக்கம் பத்திரமாக இறக்கினார். எங்களுக்கும் கை கொடுத்தார். மீதி தூரம் முழுக்க நடைதான்.

டாக்டர் தோலைச் சுரண்டி லென்ஸில் பார்த்தார். "பூச்சியும் இல்ல, படையும் இல்ல. பச்சை போடறீங்களா?"

அக்கா தலையை ஆட்டினார்... இல்லை.

"ஆடு மாட்டுக்கு வைட்டமின் சி ஒடம்புலயே ஊறும்மா. இதுக்கு ஊறாது, நம்மள மாதிரி. புல்லு, கீரை, கொய்யா போடுங்க" என்று சொட்டு மருந்தும் கொடுத்தார்.

அன்றிலிருந்து அக்கா புல்லைக் கழுவி, துணியில் ஒற்றி, விசிறிக்கு அடியில் உலர்த்திப் போடுவார். கரியாலூரில் இருந்து டைப்பிங் படிக்க வந்த பெண் மலைக் கொய்யா கொண்டு வந்தால் எங்களுக்கு ஒரு துண்டு கிடைக்காது, எல்லாம் கூண்டுக்குத்தான்.

கால் முதலில் சரியானது. முடி மெதுவாகத்தான் வந்தது... அக்கா தினமும் முதுகைத் தடவிப் பார்ப்பார். பூனைமுடி மாதிரி முளைத்த அன்று என் கையைப் பிடித்து இழுத்துத் தொட வைத்தார்.

ஒருவழியாக செல்வம் வெளியே வந்தான். ஜெயிலில் சொறி பிடித்து, தலையை மழித்து விட்டிருந்தார்கள். கைவிரல் இடுக்கெல்லாம் புண்.

"ரெண்டும் இருக்குதாக்கா?" இதுதான் அவன் முதல் பேச்சு.

"இருக்குது." கூண்டை நோக்கி ஓடி வந்தவனை அக்கா வாசலிலேயே நிறுத்திவிட்டார். "கையை நீட்டாத. மருந்து போட்டு உனுக்கு ஆறட்டும், அப்புறம் தொடு. அதுங்களுக்கு முடி வர வைக்க நான் பட்ட பாடு எனுக்குத்தான் தெரியும்."

மொட்டைத் தலையோடு அவன் வாசலில் உட்கார்ந்து, பளபளவென்று முடியோடு இருந்த இரண்டையும் பார்த்துக்கொண்டே இருந்தான். அக்கா உள்ளே போய் அவனுக்கு வெந்நீர் வைத்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

இன்று சாயங்காலம் மறுபடி செல்வம் போனில் கூப்பிட்டான். கொஞ்சம் தேறியிருந்தான்.

"இனிமே என்னை யாருங்க வாசல்ல நிறுத்துவாங்க?" என்றான்.

கிளம்பிவிட்டேன், பஸ்ஸில் இருக்கிறேன். தியாகதுருகம் வந்துகொண்டே இருக்கிறேன், மங்கை அக்கா...