கடைசி பெஞ்சுக்கு வந்த சமாதானம்

மண்ணிவாக்கத்தைத் தாண்டும்போது வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. தோளில் துணிப்பை, கையில் காலி பிளாஸ்க். டீ வாங்கிவருகிறேன் என்று சொல்லிவிட்டுப் படப்பை அறையிலிருந்து கிளம்பி இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. வழியெல்லாம் டீக்கடைகள் வந்தன. நான் எதிலும் நிற்கவில்லை. பஸ்ஸிலும் ஏறவில்லை. ஏறினால் கண்டக்டர் எங்கே என்று கேட்பார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

அறையில் படுத்திருந்தவன் ஒரகடத்தில் ஒரு குடோனில் என்னோடு லோடு ஏற்றியவன். வியாசர்பாடிக்காரன். பெட்டி சரிந்து அவன் இடுப்பில் விழுந்தபோது பக்கத்தில் நின்றது நான். அதனால் ஆஸ்பத்திரிக்கும் நானே போனேன், அறைக்கும் நானே தூக்கிவந்தேன். மூன்று மாதம் காலை ஊன்றக்கூடாது என்றார் டாக்டர். சொந்தம் என்று அவனுக்கு ஒரு அக்கா. அவள் வந்து பார்த்து அழுதுவிட்டுப் போனாள். நாற்பது நாள் அவனைப் புரட்டிப் படுக்கவைத்தேன், துடைத்துவிட்டேன், பெட்பேன் எடுத்துக் கொட்டினேன். லீவு போட்டுப் போட்டு என் வேலையும் போயிற்று. அவன்மேல் கோபம் ஒன்றும் இல்லை. எட்டாம் வகுப்பில் பள்ளியை விட்டதிலிருந்து, ஒரு இடம் கனத்துப்போனால் கிளம்பிவிடுவேன். அன்றும் அப்படித்தான்.

தாம்பரத்தில் ஒரு சர்ச்சுக்குள் போனது தண்ணீர் குடிக்க. ஆராதனை நடந்துகொண்டிருந்தது. மின்விசிறி இருக்கிறதே என்று கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். சின்ன வயதில் ஹாஸ்டலில் திடப்படுத்தல் எடுத்து, திருவிருந்து வாங்கும் தகுதி பெற்றவன்தான் நானும். ஆனால் கோயில் வாசல் மிதித்துப் பல வருடம் ஆகியிருந்தது.

ஆயர் நம்பிக்கையைப் பற்றிப் பிரசங்கம் செய்துகொண்டிருந்தார். பாதித் தூக்கத்தில் கேட்டேன். நம்பிக்கை என்றால் எனக்கு எப்போதும் அடுத்த ஊர்தான். இங்கே சரியில்லை, அங்கே சரியாக இருக்கும். கடவுளும் அங்கேதான் எனக்காக உட்கார்ந்திருப்பார். ஓசூர், திருப்பூர், ஸ்ரீபெரும்புதூர் எல்லாம் போய்ப் பார்த்தாயிற்று. போன இடத்திலெல்லாம் அவர் எனக்கு முந்தின நாள் கிளம்பிப்போனவர்போல இருந்தது.

திருவிருந்துக்கு முன்னால் சமாதானம் கொடுப்பார்கள். ஆயர் முதல் பெஞ்சில் இருப்பவரின் கைகளைத் தன் கைகளுக்குள் வாங்கிக் கொடுப்பார். வாங்கியவர் அடுத்தவருக்குக் கொடுப்பார். அப்படியே கைமாறிக் கைமாறிக் கடைசிவரை வரும். எனக்கு முன் பெஞ்சில் டீச்சர் களையோடு ஒரு அம்மா இருந்தார். அவர் திரும்பி என் கைகளைப் பிடித்துக் கொடுத்தார். நான் திரும்பினேன். பின்னால் சுவரும் ஒரு ஸ்பீக்கர் பெட்டியும்தான் இருந்தன. கூப்பின கைகளோடு அப்படியே நின்றேன்.

"என்னப்பா, ஸ்பீக்கருக்குக் குடுக்கப் போறியா?" என்றார் அவர், சத்தம் வராமல்.

"யாரும் இல்லம்மா."

"அதுக்காகக் கையிலயே வெச்சுப்பியா? யாருக்காவது குடுத்துடணும். வீட்ல யாரு இருக்கா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். வாயில் உண்மை வந்துவிட்டது. "ரூம்ல ஒருத்தன் இருக்கான். இடுப்பு ஒடஞ்சு படுத்திருக்கான். விட்டுட்டு வந்துட்டேன்."

அவர் பையைப் பார்த்தார். பிளாஸ்க்கைப் பார்த்தார். "எங்க?"

"படப்பைல."

"காலைல சாப்டானா?"

நான் பிளாஸ்க் மூடியைத் திருகினேன். பாட்டு தொடங்கியது. பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே கேட்டார், "திருவிருந்து எடுக்கறியா?"

"இல்லம்மா. முடியாது."

"சரி. தாம்பரம் ஸ்டாண்ட்ல படப்பை பஸ் நிக்கும்," என்று சொல்லிவிட்டு எழுந்து முன்னால் போனார்.

நான் உடனே கிளம்பவில்லை. பார்த்துக்கொண்டிருந்தேன். காக்கிச் சட்டை ஆட்டோக்காரர், பட்டுச்சேலைக்காரி, காலேஜ் பெண், அந்த அம்மா எல்லாரும் பீடத்தின் முன் தோளோடு தோள் உரச முழங்காலிட்டார்கள். அப்பமும் திராட்சரசமும் முதலில் வாங்கியவர் முதலில் எழுந்து போகவில்லை. அந்த வரிசையில் கடைசி ஆள் வாங்கும்வரை எல்லாரும் முட்டிவலியோடு அங்கேயே இருந்தார்கள். பிறகு சேர்ந்து எழுந்தார்கள். ஆராதனையில் எல்லாரும் சேர்ந்து சொல்லும் விசுவாசப் பிரமாணத்தில் பரிசுத்தவான்களுடைய ஐக்கியம் என்று வரும். தலையைச் சுற்றி வெளிச்சம் போட்ட படங்களில் இருப்பவர்களின் சங்கம் அது என்று சின்ன வயதில் நினைத்திருந்தேன். பக்கத்து ஆளுக்குக் கிடைக்கும்வரை எழுந்து போகாத ஜனங்களாக இருக்கலாம் என்று அன்றுதான் தோன்றியது. எனக்குத் தெரியாததே அந்த ஒன்றுதான்.

இரண்டாவது வரிசை முழங்காலிடும்போது வெளியே வந்தேன். நான்கு இட்லி கட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். கண்டக்டர் எங்கே என்றார். படப்பை என்றேன்.

அறைக்கதவைத் திறந்தபோது அவன் கூரையைப் பார்த்துப் படுத்திருந்தான்.

"இன்னாடா, டீக்கு மாடு புடிக்கப் போனியா?"

"லேட்டாயிடுச்சு."

"டீ வாங்க எவன்டா பையத் தூக்கினு போவான்? பாத்துகினுதான் இருந்தேன்."

"அப்பவே கேக்க வேண்டியதுதான?"

"கேட்டா பொய் சொல்லுவ. காலங்காத்தால உன்ன எதுக்கு பேஜார் பண்ணணும்னு வுட்டுட்டேன்."

பையை இறக்கினேன். அவன் கைகள் இரண்டையும் எடுத்து என் கைகளுக்குள் வைத்தேன்.

"இன்னா மச்சான், கை ஜோசியம் பாக்கிறியா?"

"கோயில்ல குடுத்தாங்க. அடுத்தவங்களுக்குக் குடுக்கணுமாம்."

"துன்றதா?"

"இல்ல. சமாதானம்."

கொஞ்ச நேரம் கையை இழுத்துக்கொள்ளாமல் இருந்தான். அவன் சாமி வேறு. இருந்தும் வாங்கிக்கொண்டான். பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி, "சரி வாங்கிக்கினேன். இப்ப என்னத் தூக்கி வுடு. அடக்கிகினு கீறேன்," என்றான்.

இட்லியைத் தின்றுவிட்டு அன்று பகல் முழுவதும் அவன் தூங்கினான். நாற்பது நாளில் அவன் அப்படித் தூங்கி நான் பார்த்ததில்லை. பையோடு நான் போன பிறகு எத்தனை மணி நேரம் கதவைப் பார்த்திருந்தான் என்று நான் கேட்கவில்லை.

இன்னும் ஐம்பது நாள் ஓட்டியாக வேண்டும். மறுநாள் விடியும்போதே எங்கள் அறைக்குக் கீழே இருந்த மெஸ்ஸில் போய் வேலை கேட்டு நின்றேன். அதை நடத்திய அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நாலு நாள்ல வண்டலூர், குரோம்பேட்டைன்னு பூடுவியா, இருப்பியா?"

"இருப்பேங்க்கா. மேல அவன் தரையத் தட்டினா மட்டும் ஓடிட்டு வந்துடுவேன்."

"தட்டட்டும், போய்ட்டு வா. கையக் கழுவிட்டு வந்து தொடு."

ஒரு மூட்டை சின்ன வெங்காயத்தை என் முன்னால் தள்ளினார். நான் கீழே உட்கார்ந்து உரிக்கத் தொடங்கினேன்.