கெலிஓயாவில் பிடித்த கிழக்குக் கடல் மீன்

மகளின் ஆராய்ச்சி கெலவல்லா என்ற சூரை மீனைப் பற்றியது. கிழக்கில் பிடிபடும் கெலவல்லாவும் மேற்கில் பிடிபடுவதும் ஒரே கூட்டமா, கலக்காமல் தனித்தனியே பெருகும் இரண்டா? செட்டைத் துண்டின் மரபணுவைப் பார்த்தால் தெரியுமாம். இரண்டு கூட்டமென்றால், ஒன்றைப் பிடித்துத் தீர்த்த பிறகு மற்றது வந்து அந்த இடத்தை நிரப்பாது.

மேற்குக் கரை மாதிரிகளைப் பேருவளைத் துறைமுகத்தில் அவளே எடுத்து வந்தாள். கிழக்கு மாதிரிகளுக்காகத் திருகோணமலைக்குப் புறப்படும் முன் காய்ச்சலில் படுத்துவிட்டாள். ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டிய நாளோ நெருங்கிக்கொண்டிருந்தது. நான் உதவ முன்வந்தேன். அரசாங்க அலுவலகத்தில் ஒரு கையொப்பம் குறைந்தாலும் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பியே ஓய்வுபெற்றவன் நான். செட்டை நறுக்குவது பெரிய வேலையா? கிழக்கு மீன்தான் எங்கள் ஊர்க் கடைக்கே வருகிறதே.

கடலே எட்டாத மலைநாட்டில் இருக்கும் எங்கள் கெலிஓயாவின் மீன்கடைக்கார நானாவிடம், "இது திருகோணமலை மீனா?" என்று கேட்டேன்.

"ஓ சேர், அசல் திருகோணமலை."

தினமும் காலையில் அதே கேள்வி, அதே பதில். செட்டைத் துண்டு போட்ட ஒவ்வொரு போத்தலிலும் எண், திகதி, 'இடம்: திருகோணமலை' எல்லாம் அழகாக எழுதி ஒட்டினேன்.

"எங்கட லேப்ல ஒருத்தரும் இப்படி லேபல் எழுத மாட்டாங்க வாப்பா" என்றாள் மகள். சோதனையில் கிழக்குக்கும் மேற்குக்கும் வித்தியாசமே இல்லை. ஒரே கூட்டம் என்று அத்தியாயத்தையும் எழுதி முடித்தாள்.

அந்த வாரம் கறிக்கு மீன் வாங்கப் போனேன். எனக்கு முன்னால் பேருவளையிலிருந்து எங்கள் ஊருக்கு மாப்பிள்ளையாக வந்தவர் நின்றார்.

"எங்க ஊர் மீன்தானே நானா?"

"வேற எங்க! பேருவளையேதான்."

அவர் போனதும் அதே மீனைக் காட்டி, "இது திருகோணமலை இல்லையா?" என்றேன்.

"நீங்க கேட்டா திருகோணமலை, சேர். லொறில வாரது. எந்தக் கடல் எண்டு எனக்கென்ன தெரியும்? ஆசையாக் கேக்கிற ஆக்களுக்கு இல்லை எண்டு சொல்லவா?"

வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னேன். மடிக்கணினியில் அந்த அத்தியாயத்தைத் திறந்தாள்.

"அப்ப நான் ஒரு லொறியோட மரபணுவையா படிச்சீக்கிறேன்? நீங்க திருப்பி அனுப்பின விண்ணப்பத்துல இவ்வளவு பெரிய பிழை ஈந்திச்சா வாப்பா?"

"இல்ல மகள். அதுகள்ல கையொப்பம் மட்டுந்தான் குறைவு."

அவள் சிரிக்கவில்லை. அந்த அத்தியாயத்தை அழித்துவிட்டு, தவணை கேட்டுக் கடிதம் எழுதினாள். அதை எப்படி எழுதுவது என்று மட்டும் என்னிடம் கேட்டாள். நான் என் லேபல்கள் ஒவ்வொன்றையும் சிவப்பு மையால் வெட்டி, விதிப்படி ஓரத்தில் சிறு கையொப்பமும் வைத்தேன்.

அடுத்த வாரம் ஐஸ் பெட்டியோடு இருவரும் திருகோணமலை பஸ் ஏறினோம். கரையில் ஒரு வியாபாரி, "இது இங்கத்த மீன்தான் ஐயா, எழுதுங்க" என்றார். படகு வந்து, மீன் என் கண்முன்னே இறங்கும்வரை பேனாவின் மூடியை நான் கழற்றவில்லை.