தீவுக்காரருக்கு ஓர் இலை

தீபாவளிக்கு முதல் நாள் எங்கள் வீட்டில் செத்தவர்களுக்குப் படைப்போம். ஆளுக்கோர் இலை போட்டு, அவரவருக்குப் பிடித்ததை வைத்து, கதவைச் சாத்திவிட்டு வெளியே நிற்போம். அவர்கள் கூச்சமில்லாமல் சாப்பிட வேண்டுமாம்.

அப்பாவின் தாத்தாவுக்கு மட்டும் இலை கிடையாது. முசிறிப் பக்கம் மடைத்தண்ணீர்ச் சண்டையில் ஆளை வெட்டிவிட்டு அந்தமான் சிறைக்குக் கப்பலேறியவர். அவர் மனைவி கைக்குழந்தையோடு இலங்கையில் நமுனுகுலப் பக்கத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்து, கடைசிவரை பொட்டை அழிக்காமலே இருந்தாள். சாவுச் சேதி வராமல் இலை போடக் கூடாது என்பது அவள் போட்ட உத்தரவு. நான் சொல்வது தொண்ணூறுகளில்; அப்போது அவருக்கு நூறு வயது எப்போதோ தாண்டியிருக்கும். ஆனாலும் உத்தரவு உத்தரவுதான்.

"திரைகடல் ஓடித் திரவியம் தேடச் சொன்னாங்க. ஒங்க தாத்தா வெலங்கத் தேடிக்கிட்டாரு" என்று அம்மா குத்துவாள். அப்பா சிரிக்கமாட்டார். நெஞ்சுவலி வந்த பிறகு அவருக்கு இது ஒன்றே கவலை. "நானும் போய்ட்டா அவர யாரு நெனைப்பா? பசியோடதான் கெடப்பாரு."

நான் அப்போது பதுளையில் ஒரு முஸ்லிம் முதலாளியின் புடவைக்கடையில் இருந்தேன். கை துணி கிழித்தாலும் வாய் சும்மா இருக்காது. தோட்டத்து ஆட்கள் யார் வந்தாலும் அந்தமான் கதையைச் சொல்லி விசாரிப்பேன். மடுல்சீமையிலிருந்து வந்த ஓர் அக்கா சேலையை உதறிப் பார்த்துக்கொண்டே, "எங்க லயத்து வீடுகள்ல ஒண்ணுல தீவுக்காரருன்னு ஒருத்தருக்குப் படைப்பாங்களே" என்றாள்.

அடுத்த ஞாயிறு அப்பாவைக் கூட்டிப் போனேன். அந்த வீட்டு அம்மாள் தீவுக்காரரின் இரண்டாம் தாரத்துப் பேத்தி. முசிறி, மடைச் சண்டை, விட்டுவந்த பிள்ளை எல்லாம் நாங்கள் கேட்காமலே அவள் வாயிலிருந்து வந்தன. விடுதலையானதும் மனைவியைத் தேடித்தான் இந்த மலைக்கு வந்தாராம்.

"நமுனுகுல வரைக்கும் போனாராம் அண்ணே. தூரத்துல நின்னு பாத்தாராம். கொலகாரன் பொண்டாட்டின்னு அதுக்குப் பேரு வாங்கிக் குடுக்க வேணாம்னு திரும்பிட்டாராம்."

அப்பா ஒன்றுதான் கேட்டார்: "சாப்பாடு போடுறீங்களா?"

"வருசம் தவறாம போடுறோம். ஆனா எலைய வாசப்படியிலதான் வைப்போம். கதவு சாத்துற எடத்துல அவரு சாப்பிட மாட்டாரு. உசுரோட இருக்கையிலயும் அப்படித்தானாம்."

அந்தத் தீபாவளிக்கு அப்பா வாசற்படியில் ஓர் இலை கூடுதலாகப் போட்டார். கதவைச் சாத்தவில்லை.

"நாய் வந்துருமுங்க" என்றாள் அம்மா.

"வரட்டும். அதவிட மோசமான பந்தியில சாப்பிட்டவரு."

உள்ளே இருந்த மற்றவர்கள் அன்று கொஞ்சம் கூச்சப்பட்டுத்தான் சாப்பிட்டிருப்பார்கள்.